ஆசிரியர் அமைப்புகளும் சமூக நீதியும்: புனே நகர வரலாறு எழுப்பும் இரு வினாக்கள்

முன்னுரை

இந்தியாவில் ஆசிரியர் சங்கங்களின் வரலாறு பெரும்பாலும் ஊதியப் போராட்டங்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஊதியக் குழுக்கள், வேலைநிறுத்தங்கள், பணிப் பாதுகாப்புச் சட்டங்கள் ஆகியவை அவ்வரலாற்றின் மைல்கற்களாகக் காட்டப்பெறுகின்றன. இவை இன்றியமையாதவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஆசிரியராக வரும் வாய்ப்பு யாருக்குக் கிடைத்தது, வந்தபின் அமைப்புக்குள் யாருடைய குரல் ஒலித்தது என்னும் வினாக்கள் அவ்வரலாற்றில் ஓரத்திலேயே நிற்கின்றன.

ஆசிரியர் அமைப்பில் சமன்மை என்பதை இரண்டாகப் பகுத்துக் காணலாம். உள்ளே இருப்போர் தமக்குள் சமமாக நடத்தப்படுகின்றனரா என்பது ஒன்று. இதனை 'உள் சமன்மை' எனக் குறிக்கலாம். உள்ளே வரும் வாயில் எல்லார்க்கும் திறந்துள்ளதா என்பது மற்றொன்று. இதனை 'நுழைவுச் சமன்மை' எனலாம். இவ்விரு வினாக்களும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் புனே நகரில் ஏறத்தாழ ஒரே காலத்தில், இருவேறு இடங்களிலிருந்து எழுந்தன. அவை எழுந்த சூழலையும், பின்னர் ஒன்றிலிருந்து ஒன்று விலகிச் சென்ற போக்கையும், இன்றைய ஆசிரியர் சங்கங்களுக்கு அவை உணர்த்துவனவற்றையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். தமிழகச் செய்திகள் ஒப்பீட்டிற்காக உரிய இடங்களில் எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

ஆசிரியர் யார் என்னும் வினாவின் தொடக்கம்

ஜோதிராவ் புலே (1827–1890) புனேயில் தோட்டக்கார மாளி வகுப்பில் பிறந்தவர். ஸ்காட்லாந்து மறைப்பணியாளர் நடத்திய பள்ளியில் பயின்றவர். 1848இல் புனேயின் புதவார் பேட்டையிலுள்ள பிடே வாடா என்னும் வீட்டில் பெண்களுக்கான பள்ளியை அவரும் அவர்தம் துணைவியார் சாவித்திரிபாய் புலேயும் (1831–1897) தொடங்கினர். பள்ளி தொடங்கியபோது முதலில் எதிர்ப்பட்ட இடர் மாணவியர் பற்றியது மட்டுமன்று. கற்பிக்கப் பெண் ஆசிரியர் எங்கே என்பதும் பேரிடராக இருந்தது. சாவித்திரிபாயே ஆசிரியரானார். அதற்கெனப் பயிற்சியும் பெற்றார். பள்ளிக்குச் செல்லும் வழியில் அவர்மீது சேறும் சாணமும் வீசப்பட்டன என்பது பரவலாக அறியப்பட்ட செய்தி. அந்த எதிர்ப்பு ஒரு பெண் கற்பிப்பதற்கு எதிரானது என்பதோடு, ஒடுக்கப்பட்ட வகுப்பினர் கற்பிப்பதற்கும் எதிரானது என்பது நோக்கத்தக்கது.

இல்லத்தை விட்டு வெளியேற நேர்ந்த புலே இணையருக்கு உஸ்மான் ஷேக் அடைக்கலம் தந்தார். சாவித்திரிபாய் 1856இல் தம் கணவருக்கு எழுதிய கடிதத்தில் பாத்திமா என்னும் பெயர் இடம்பெறுகிறது. பள்ளிப் பணியின் சுமையைச் சாவித்திரிபாயுடன் பகிர்ந்துகொண்ட பாத்திமா ஷேக் என அவரை ஆய்வாளர் பலர் இனங்காண்கின்றனர்.

1850களில் மகார், மாங் முதலிய வகுப்பினரின் கல்விக்கெனப் புலேயும் அவர்தம் நண்பர்களும் தனிக் கழகம் ஒன்றை அமைத்தனர். அப்பள்ளிகளில் பயின்ற மாங் வகுப்புச் சிறுமி முக்தாபாய், தம் மக்களின் துயரம் குறித்து எழுதிய கட்டுரை 1855இல் 'ஞானோதயா' இதழில் வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது 14. கற்பிப்போர் மாறியபோது கற்போர் எழுதும் பொருளும் மாறியது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று அக்காலத்தில் அரிது.

1882 விண்ணப்பம்: ஊதியமும் தேர்வும் ஒரே இடத்தில்

இந்தியக் கல்வி நிலையை ஆராய 1882இல் ஹண்டர் தலைமையில் கல்விக் குழு அமைக்கப்பட்டது. அதனிடம் புலே அளித்த விண்ணப்பம் அவ்வாண்டு அக்டோபர் 19ஆம் நாளிட்டது. உழவர் செலுத்தும் வரியிலிருந்து வரும் பணம் உயர் வகுப்பினரின் உயர்கல்விக்குச் செல்கிறது, உழவர் பிள்ளைகளின் தொடக்கக் கல்வி புறக்கணிக்கப்படுகிறது என்பது அதன் மைய முறையீடு. குறைந்தது 12 வயது வரை தொடக்கக் கல்வியைக் கட்டாயமாக்க வேண்டும் என்னும் கோரிக்கையும் அதில் உண்டு. இவை கல்வி வரலாற்று நூல்களில் பலகாலும் எடுத்துக்காட்டப்படுபவை. ஆசிரியர்களைப் பற்றி அவ்விண்ணப்பம் கூறும் பகுதி அந்த அளவிற்குக் கவனம் பெறவில்லை.

தொடக்கப் பள்ளிகளில் பணியாற்றுவோர் ஏறத்தாழ அனைவரும் பிராமணர் என்றும், அவர்களுள் பயிற்சி பெற்றோர் சிலரே என்றும், அவர்தம் ஊதியம் 10 ரூபாயைத் தாண்டுவது அரிது என்றும் புலே குறிப்பிடுகிறார். இதனையடுத்து அவர் முன்வைக்கும் தீர்வுகள் இரு வகையின.

முதல் வகை, பணிநிலை சார்ந்தது. பயிற்சி பெற்ற ஆசிரியர்களை அமர்த்த வேண்டும். ஊதியம் 12 ரூபாய்க்குக் குறையலாகாது. பெரிய ஊர்களில் 15 அல்லது 20 ரூபாயாவது வழங்க வேண்டும். மிகுதியான மாணவரைத் தேர்ச்சி பெறச் செய்வோர்க்குச் சிறப்புப்படி அளிக்க வேண்டும். ஊர்க் கணக்குத் தணிக்கை, பத்திரப் பதிவு, அஞ்சல், முத்திரைத்தாள் விற்பனை போன்ற பொறுப்புகளில் ஆசிரியரை ஈடுபடுத்தி அவர்தம் மதிப்பை உயர்த்த வேண்டும். பிற்காலத்தில் ஆசிரியர் சங்கங்கள் எழுப்பிய ஊதியம், பயிற்சி, ஊக்கத்தொகை, சமூக மதிப்பு ஆகிய கோரிக்கைகளின் கரு இதில் அடங்கியுள்ளது.

இரண்டாம் வகை, தேர்வு சார்ந்தது. ஆசிரியர்கள் இயன்றவரை உழவர் வகுப்புகளிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட வேண்டும் என்கிறார் புலே. தேவைப்படும்போது ஏர்க்காலையோ தச்சரின் வாய்ச்சியையோ கையில் பிடிக்க நாணாதவராகவும், எளிய மக்களுடன் தயக்கமின்றிக் கலந்து பழகுபவராகவும் அவர்கள் இருத்தல் வேண்டும். பயிற்சியில் வேளாண்மை, நலவாழ்வு பற்றிய அடிப்படை அறிவும் சேர்க்கப்பட வேண்டும்.

இவ்விரு வகைக் கோரிக்கைகளும் ஒரே விண்ணப்பத்தில், ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன என்பதே ஈண்டு வற்புறுத்த வேண்டிய செய்தி. ஊதியம் தாழ்ந்திருந்தால் வேறு வருவாயோ குலமதிப்போ உடையவர் மட்டுமே ஆசிரியப் பணியில் தங்க இயலும். உழவர் வீட்டுப் பிள்ளை அதில் நிலைக்க முடியாது. எனவே ஊதிய உயர்வு என்பது புலேயின் பார்வையில் புதியவர் உள்ளே வருவதற்கான வழியும் ஆகும். மறைப்பணியாளரின் பெண்கள் விடுதிப் பள்ளி ஒன்றில் தாம் ஆசிரியராகப் பணியாற்றியதையும் அவர் அதே விண்ணப்பத்தில் குறிப்பிடுகிறார். ஆகவே இதனை ஒரு சீர்திருத்தவாதியின் முறையீடாக மட்டுமன்றி, ஓர் ஆசிரியரின் கோரிக்கைப் பட்டியலாகவும் கொள்வது பொருந்தும்.

பண்டித ரமாபாயின் சாட்சியம்

அதே ஆண்டில், அதே குழுவின் முன் புனேயில் சாட்சியம் அளித்த மற்றொருவர் பண்டித ரமாபாய். 1882இல் அந்நகரில் ஆரிய மகளிர் சமாஜத்தை நிறுவியவர் அவர். பெண் ஆசிரியர்களுக்கு முறையான பயிற்சி அளிக்க வேண்டும், பெண்கள் பள்ளிகளைப் பார்வையிடப் பெண்களையே ஆய்வாளர்களாக அமர்த்த வேண்டும், பெண் மருத்துவர்களை உருவாக்க வேண்டும் என்பன அவர்தம் கருத்துகள். பெண் ஆசிரியர்களின் ஊதியம் ஆண் ஆசிரியர்களின் ஊதியத்தைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும் என்றும் அவர் வலியுறுத்தினார்.

பெண் ஆய்வாளர் என்னும் கோரிக்கை ஆழ்ந்து நோக்கத்தக்கது. வகுப்பறையில் பெண்ணை அமர்த்திவிட்டு, அவர் பணியை மதிப்பிடும் அதிகாரத்தை முழுவதும் ஆணிடமே விட்டுவைப்பது சமன்மை ஆகாது என்பது அதன் உட்பொருள். நுழைவுக்கு அடுத்த படி அதிகாரப் பங்கு என்பதை 1882லேயே ஒரு பெண் எடுத்துரைத்துள்ளார். பெண்கள் மிகுதியாகப் பணியாற்றும் ஆசிரியத் தொழிலில், அமைப்புகளின் தலைமைப் பொறுப்புகளைக் கருதும்போது இவ்வாதம் இன்றும் தன் கூர்மையை இழக்கவில்லை.

டெக்கான் கல்விக் கழகம்: சமமானோரிடையே சமன்மை

புலேயின் விண்ணப்பம் எழுதப்பட்ட காலத்தை ஒட்டி, அதே நகரில் வேறொரு முயற்சி உருப்பெற்றது. 1880இல் விஷ்ணு சாஸ்திரி சிப்லூண்கரும் பாலகங்காதர திலகரும் நியூ இங்கிலீஷ் ஸ்கூல் என்னும் பள்ளியைத் தொடங்கினர். கோபால கணேச ஆகர்கர் முதலியோர் அதில் இணைந்தனர். 1884இல் டெக்கான் கல்விக் கழகம் நிறுவப்பட்டது. 1885இல் பெர்குசன் கல்லூரி தொடங்கியது.

இக்கழகத்தின் அமைப்புமுறை தனித்தன்மை உடையது. கற்பிப்போரே ஆயுள் உறுப்பினர்களாகி நிறுவனத்தின் நிருவாகத்தை ஏற்றனர். முதலாளி என்று எவரும் இல்லை. உறுப்பினர் 20 ஆண்டுகள் பணியாற்ற உறுதி பூண்டனர். கோபால கிருஷ்ண கோகலே அவ்வுறுதியை ஏற்று மாதம் 75 ரூபாய் ஊதியத்தில் பணியாற்றி 1902இல் ஓய்வு பெற்றார். வெளியே கூடுதலாக ஈட்டும் தகுதி இருந்தும் அளவான ஊதியத்தை விரும்பி ஏற்ற ஒரு கூட்டமைப்பாக அது விளங்கியது.

இந்த உள் சமன்மையும் எளிதாக நிலைபெறவில்லை. ஆயுள் உறுப்பினர் வெளிப் பணிகளை ஏற்கலாமா, வெளி வருவாய் பெறலாமா என்பது குறித்துக் கருத்து வேறுபாடுகள் முற்றின. அனைவரும் ஒரே வகையான தியாகத்தை மேற்கொள்ள வேண்டும் என்னும் நிலைப்பாட்டில் உறுதியாக நின்ற திலகர், 1890இல் கழகத்திலிருந்து விலகினார். ஆசிரியர் தமக்குள் எதனைச் சமன்மையாகக் கொள்வது என்னும் வினா ஓர் அமைப்பையே பிளக்கும் வன்மை உடையது என்பதற்கு இது பழைய சான்று.

இவ்வமைப்பின் எல்லையும் ஈண்டுச் சுட்டப்பட வேண்டும். நிறுவனர்கள் பிராமண வகுப்பினர். பட்டம் பெற்றவர் ஆசிரியராகலாம். ஆனால் அக்காலத்தில் பட்டம் யாருக்கு எட்டியது? அவ்வினாவிற்கு ஆயுள் உறுப்பினர் விதிகள் விடை தரவில்லை. ஒருபுறம், சிற்றூர் ஆசிரியருக்கு 12 ரூபாயாவது தருக என்னும் விண்ணப்பம். மறுபுறம், 75 ரூபாயைத் தியாகமாகக் கருதிய கூட்டமைப்பு. இரண்டும் ஒரே நகரில், ஒரே பத்தாண்டில் நிகழ்ந்தவை. இரண்டும் தத்தம் அளவில் நேர்மையானவை. எனினும் ஒன்று மற்றொன்றின் வினாவை ஏற்றுக்கொள்ளவில்லை. பின்னாளைய சங்க இயக்கம் டெக்கான் கழகத்தின் உள் சமன்மை நெறியையே பெரிதும் பின்பற்றிச் சென்றது எனலாம்.

பூனா ஒப்பந்தமும் ஒரு தமிழாசிரியரும்

நுழைவுச் சமன்மை என்னும் வினா அரை நூற்றாண்டுக்குப் பின் மீண்டும் புனேயில் எழுந்தது. 1932 செப்டம்பர் 24ஆம் நாள் எரவாடாச் சிறையில் காந்தியடிகளின் உண்ணாநோன்பின்போது பூனா ஒப்பந்தம் கையெழுத்தானது. தனித்தொகுதி, கூட்டுத்தொகுதி பற்றிய விவாதத்தால் அறியப்படும் அவ்வொப்பந்தத்தின் இறுதிப் பிரிவுகள் இரண்டு கல்வியோடும் பணியோடும் தொடர்புடையவை. ஒடுக்கப்பட்ட வகுப்பினர் என்னும் காரணத்தால் எவரும் அரசுப் பணிக்குத் தகுதியற்றவராகக் கருதப்படலாகாது. கல்வித் தகுதிக்கு உட்பட்டு அவர்களுக்கு உரிய பங்கு கிடைக்க முயல வேண்டும் என்பது ஒன்று. ஒவ்வொரு மாகாணத்திலும் கல்வி மானியத்தில் போதிய தொகையை அவ்வகுப்பினரின் கல்விக்கென ஒதுக்க வேண்டும் என்பது மற்றொன்று. தகுதியை விதிக்கும் பிரிவும், தகுதியை ஈட்டப் பொருள் ஒதுக்கும் பிரிவும் அடுத்தடுத்து அமைந்திருப்பது தற்செயலன்று. புலே ஊதியத்தையும் தேர்வையும் இணைத்ததைப் போன்றதே இவ்விணைப்பும்.

அவ்வொப்பந்தத்தில் கையொப்பமிட்டோருள் தமிழகத்தைச் சேர்ந்த எம்.சி. ராஜாவும் இரட்டைமலை சீனிவாசனும் உண்டு. எம்.சி. ராஜா பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியவர், பாடநூல்கள் எழுதியவர், பின்னர்ச் சட்டமன்ற உறுப்பினரானவர். ஆதிதிராவிடருள் ஒருவர் கரும்பலகையின் முன் நின்று கற்பித்ததே ஒரு சமூக மாற்றமாக இருந்த காலம் அது. கல்வி மானியம் பற்றிய பிரிவின்கீழ் ஓர் ஆசிரியரின் கையொப்பம் இருப்பது தமிழ் ஆய்வாளர்கள் மேலும் ஆராயத்தக்க செய்தியாகும்.

ஆசிரியர் தொகுதியும் தொடக்கப் பள்ளி ஆசிரியரும்

விடுதலைக்குப் பின் ஆசிரியர் குரலுக்கு அரசியலமைப்பே ஓரிடம் வழங்கியது. சட்ட மேலவை உள்ள மாநிலங்களில் அதன் உறுப்பினருள் பன்னிரண்டில் ஒரு பங்கினரை ஆசிரியர் தேர்ந்தெடுக்கலாம் என்கிறது 171ஆம் உறுப்பு. மகாராட்டிரத்தில் இம்முறை நடைமுறையில் உள்ளது. புனே மண்டலம் ஓர் ஆசிரியர் தொகுதியாகும். தமிழகத்தில் 1986இல் மேலவை கலைக்கப்பட்டதுடன் இம்முறை முடிவுற்றது.

ஆனால் இத்தொகுதியில் வாக்களிப்பதற்கு, உயர்நிலைப் பள்ளிக்குக் குறையாத நிலையிலுள்ள கல்வி நிறுவனத்தில் குறைந்தது மூன்றாண்டுகள் கற்பித்திருத்தல் வேண்டும். தொடக்கப் பள்ளி ஆசிரியருக்கு அங்கு வாக்கில்லை. புலே 1882இல் யாருக்காக 12 ரூபாய் கேட்டாரோ, யாரை எளிய வகுப்புகளிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும் என்றாரோ, அந்த ஆசிரியரே 'ஆசிரியர் தொகுதி' என்னும் பெயருடைய தொகுதிக்கு வெளியே நிற்கிறார். ஆசிரியர் என்னும் பொதுச்சொல்லுக்குள் படிநிலை மறைந்திருப்பதற்கு இது வெளிப்படையான எடுத்துக்காட்டு.

ஒரே பணி, வேறு ஊதியம்

சங்கங்களின் போராட்டத்தால் பணிப் பாதுகாப்பு வலுப்பெற்றது. தமிழகத்தில் 1973ஆம் ஆண்டின் தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டமும், மகாராட்டிரத்தில் 1977ஆம் ஆண்டின் தனியார் பள்ளிப் பணியாளர் சட்டமும் நிருவாகிகளின் தன்விருப்ப ஆணைகளுக்கு எல்லை வகுத்தன. எனினும் 2000க்குப் பின் உள் சமன்மையே சிதையத் தொடங்கியது.

மகாராட்டிரத்தில் 2000இல் 'சிக்ஷண் சேவக்' திட்டம் வந்தது. புதிதாகப் பணியேற்போர் முதல் மூன்றாண்டுகள் முழு ஊதியமின்றி மதிப்பூதியத்தில் பணியாற்ற வேண்டும். தொடக்கப் பள்ளிக்கு 3,000, உயர்நிலைப் பள்ளிக்கு 4,000, இளநிலைக் கல்லூரிக்கு 5,000 ரூபாய் என அது தொடக்கத்தில் வரையறுக்கப்பட்டது. 2023இல் இத்தொகைகள் முறையே 16,000, 18,000, 20,000 ரூபாயாக உயர்த்தப்பட்டன. தொகை உயர்ந்தது, ஒரே வகுப்பறைப் பணிக்கு இரு நிலைகள் என்னும் ஏற்பாடு அவ்வுயர்வால் மாறவில்லை.

தமிழகத்திலும் இதற்கு இணையான நிலை உண்டு. 2009 மே 31 வரை பணியேற்ற இடைநிலை ஆசிரியரின் அடிப்படை ஊதியம் 8,370 ரூபாய் எனவும், மறுநாள் முதல் பணியேற்றோர்க்கு 5,200 ரூபாய் எனவும் அமைந்தது. ஒரு நாள் இடைவெளி 3,170 ரூபாய் வேறுபாட்டை உண்டாக்கியது. 'சம வேலைக்குச் சம ஊதியம்' என்னும் முழக்கத்துடன் அவர்கள் தனி இயக்கமாகப் போராட நேர்ந்தது. 2018 டிசம்பரில் சென்னையில் அவர்கள் மேற்கொண்ட உண்ணாநிலைப் போராட்டம் நாடறிந்தது. 2012இல் மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் அமர்த்தப்பட்ட பகுதிநேர ஆசிரியர்களின் நிலை அதனினும் தாழ்ந்தது.

ஒரு பிரிவினர் தம் கோரிக்கைக்கெனத் தனி இயக்கம் காண நேர்வது, பொது அமைப்புகளின் முன்னுரிமைப் பட்டியலில் அவர்தம் கோரிக்கை எந்த இடத்தில் இருந்தது என்னும் வினாவை எழுப்புகிறது. இட ஒதுக்கீட்டின் பயன் விரிவடைந்த தலைமுறையினர் பணிக்கு வரும் காலத்திலேயே பணியின் மதிப்பு இவ்வாறு குறைக்கப்படுவது, நுழைவுச் சமன்மையும் உள் சமன்மையும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதை எதிர்மறையாக மெய்ப்பிக்கிறது.

சங்கம் சமூக நீதியைக் கையிலெடுத்த ஒரு நிகழ்வு

இரு வினாக்களும் மீண்டும் ஒன்றுசேரக் கூடும் என்பதற்கு அண்மைக்காலச் சான்று ஒன்று உண்டு. பல்கலைக்கழக ஆசிரியர் பணியிடங்களில் இட ஒதுக்கீட்டைக் கணக்கிட முழு நிறுவனத்தையும் ஓர் அலகாகக் கொள்வதா, ஒவ்வொரு துறையையும் தனி அலகாகக் கொள்வதா என்னும் சிக்கல் எழுந்தது. 2017இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் துறையே அலகு எனத் தீர்ப்பளித்தது. 2018 மார்ச்சில் பல்கலைக்கழக மானியக் குழு அதற்கேற்பச் சுற்றறிக்கை விடுத்தது.

இதன் விளைவு எண்களில் தெளிவாகும். சுழற்சிப் பட்டியலில் பிற பிற்படுத்தப்பட்டோர்க்கு 4ஆம் இடமும், பட்டியல் சாதியினர்க்கு 7ஆம் இடமும், பழங்குடியினர்க்கு 14ஆம் இடமும் முதலில் வருகின்றன. மூன்று பணியிடங்களே உள்ள துறையில் இவர்களுள் எவர்க்கும் இடமில்லை. பதினான்கு பணியிடங்கள் நிரம்பும் வரை பழங்குடியினர் காத்திருக்க வேண்டும். தமிழ்த்துறைகள் உள்ளிட்ட சிறிய மொழித்துறைகளில் இதன் பொருள் என்ன என்பதை விளக்க வேண்டியதில்லை.

இம்முறைக்கு எதிராக டெல்லிப் பல்கலைக்கழக ஆசிரியர் சங்கம் உள்ளிட்ட அமைப்புகள் 2019இன் தொடக்கத்தில் தெருவில் இறங்கின. அவ்வாண்டு மார்ச்சில் அவசரச் சட்டமும், பின்னர் மத்தியக் கல்வி நிறுவனங்கள் (ஆசிரியர் பணியிட ஒதுக்கீடு) சட்டமும் பிறந்து, நிறுவனமே அலகு என்னும் நிலையை நிறுவின. ஏற்கெனவே பணியிலிருப்போர் இனி வரவேண்டியவர்க்காகப் போராடினர் என்பதே இந்நிகழ்வின் சிறப்பு. பணியிலிருந்த ஆசிரியர் பலர்க்கு இதனால் நேரடி ஊதியப் பயன் எதுவும் இல்லை.

உலக அளவில், ஆசிரியர் நிலை குறித்து 1966இல் யுனெஸ்கோவும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் இணைந்து உருவாக்கிய பரிந்துரை இவ்விரு கூறுகளையும் ஒருங்கே கொண்டுள்ளது. ஆசிரியரின் பயிற்சியிலும் பணியமர்த்தத்திலும் இனம், பால், சமயம், சமூகப் பிறப்பு, பொருள்நிலை ஆகியன பற்றி வேறுபாடு காட்டலாகாது என்கிறது அது. ஆசிரியர் அமைப்புகளைக் கல்வி வளர்ச்சியின் ஆற்றலாக ஏற்க வேண்டும் என்றும் கூறுகிறது. 84 ஆண்டுகளுக்கு முன் புனேயிலிருந்து சென்ற விண்ணப்பத்தின் கருத்தோட்டத்தோடு இஃது ஒத்திருப்பது வியப்பிற்குரியது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படும் கருத்துகள் வருமாறு:

1. ஆசிரியர் ஊதியமும் ஆசிரியர் தேர்வில் சமூக நீதியும் புலேயின் 1882 விண்ணப்பத்தில் பிரிக்கவியலாத ஒரே கோரிக்கையாக அமைந்துள்ளன. ஆசிரியர் இயக்க வரலாற்றின் தொடக்க ஆவணங்களுள் ஒன்றாக அதனைச் சேர்த்தல் தகும்.

2. அதிகாரப் பங்கின்றி நுழைவு மட்டும் போதாது என்பதைப் பண்டித ரமாபாயின் சாட்சியம் உணர்த்துகிறது.

3. டெக்கான் கல்விக் கழகம் உள் சமன்மைக்குச் சிறந்த முன்மாதிரி. ஆனால் வாயில் குறுகியதாயின் உள்ளே நிலவும் சமன்மை சிலர்க்கே உரியதாகிவிடும் என்பதற்கும் அதுவே சான்று.

4. தொடக்கப் பள்ளி ஆசிரியர், மதிப்பூதிய ஆசிரியர், பகுதிநேர ஆசிரியர் ஆகியோரை விளிம்பில் நிறுத்தும் ஏற்பாடுகள் இவ்விரு வினாக்களும் பிரிந்து சென்றதன் விளைவுகளாகும்.

சங்கத்தின் ஒற்றுமைக்குச் சாதி, பால், பணிநிலை பற்றிய பேச்சு ஊறு செய்யும் என்னும் அச்சம் உண்டு. அது முற்றிலும் பொருளற்றது எனத் தள்ளிவிட இயலாது. பிளவுகளைப் பயன்படுத்திக்கொள்ளும் நிருவாகங்கள் என்றும் இருந்துள்ளன. ஆயினும் பேசப்படாத வேற்றுமை மறைந்துவிடுவதில்லை. அது தனி இயக்கமாக வெளியே சென்று நிற்கிறது. செயற்குழுவில் பெண்கள் எத்தனை பேர், ஒடுக்கப்பட்ட வகுப்பினர் எத்தனை பேர், நிரந்தரமற்ற ஆசிரியர் எத்தனை பேர் என ஒவ்வொரு சங்கமும் தன் ஆண்டறிக்கையில் பதிவு செய்தல் எளிய தொடக்கமாக அமையும். அத்தகைய பதிவுகள் பெருகுமாயின் ஆசிரியர் இயக்க வரலாற்றை எழுதவரும் அடுத்த தலைமுறை ஆய்வாளர்க்கும் அவை அடிப்படைச் சான்றுகளாகும். பிடே வாடாவில் 1848இல் கற்பிக்க நின்ற சாவித்திரிபாயின் முன் இருந்த வினா, கற்பிக்கும் உரிமை யாருக்கு என்பதாகும். ஊதியக் கோரிக்கைகளோடு அவ்வினாவையும் சேர்த்து ஏற்கும் அமைப்பே ஆசிரியர் அனைவர்க்கும் உரிய அமைப்பாக விளங்கும்.